வளைதசைப் புழுக்கள் பிறந்த கதை

1758இல் மண்புழுவுக்கு வாய்த்த சொந்தபந்தங்களின் பட்டியல் வினோதமானது. கார்ல் லின்னேயஸ் எழுதிய ‘சிஸ்டமா நேச்சுரே’யின் பத்தாம் பதிப்பு அந்த ஆண்டில் வந்தது. விலங்குகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்த அவர், பாலூட்டிகள், பறவைகள், நீர்நில வாழ்வன, மீன்கள், பூச்சிகள் ஆகிய ஐந்துக்கும் இடம் கொடுத்த பிறகு மிஞ்சிய அத்தனையையும் ‘புழுக்கள்’ என்ற ஆறாவது வகுப்பில் சேர்த்தார். நத்தை, கணவாய், சொறிமீன், பவளம், நட்சத்திர மீன் எல்லாம் அங்கே புழுக்கள். அந்த வகுப்பின் ஒரு பிரிவில் மண்புழு இருந்தது. பக்கத்தில் அட்டை, மனிதக் குடலில் வாழும் உருளைப்புழு, கப்பலின் அடிமரத்தைத் துளைக்கும் சிப்பியினம் ஒன்று, கூடவே மிக்சின். மிக்சின் மண்டையோடும் செவுளும் உள்ள மீன். அது மண்புழுவுக்குப் பங்காளி ஆகியிருந்தது.

உண்மையான உறவினர்களோ அதே வகுப்புக்குள் ஆளுக்கொரு மூலையில் கிடந்தார்கள். கடற்கரைச் சேற்றில் வளை தோண்டும் ஒரு கடற்புழுவை மட்டும் லின்னேயஸ் மண்புழுவோடு ஒரே பேரினத்தில் வைத்தார். உடலின் இருபுறமும் துடுப்புக்கால்கள் கொண்ட நீரிஸ், கணவாயும் சொறிமீனும் இருந்த பிரிவுக்குப் போயிற்று. சுண்ணாம்புக் குழாய் கட்டி அதற்குள் வாழும் செர்ப்புலா, கிளிஞ்சல்களோடு சேர்ந்தது. இதற்காக அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. பூவின் மகரந்தத் தாள்களை எண்ணி உலகத்துச் செடிகளை ஒழுங்குபடுத்திய மனிதர் அவர். மண்புழுவோ வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதையும் காட்டிக்கொடுக்காத உயிர். அதற்குத் தனித் தலை இல்லை. கண்ணும் காலும் ஓடும் கொடுக்கும் இல்லை. அதன் கதை முழுக்கத் தோலுக்கு அடியில் இருக்கிறது. அதைப் படிக்கக் கத்தி வேண்டும்.

அந்தக் கத்தி பாரிஸில் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1793இல் அரசரின் தோட்டம் தேசிய இயற்கை அருங்காட்சியகமாக மாறியபோது, பூச்சிகளுக்கும் புழுக்களுக்கும் பேராசிரியராக அமர்த்தப்பட்டவர் லமார்க். அதுவரை அவர் தாவரவியலாளர். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் விரும்பாத துறையை ஏற்று, அதற்கே மீதி வாழ்நாளைக் கொடுத்தார். அதே நிறுவனத்துக்குச் சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தவர் குவியே. அறுத்துப் பார்ப்பதில் அவருக்கு இணையானவர் அன்று இல்லை. மண்புழுவையும் அட்டையையும் கடலின் முள்மயிர்ப் புழுக்களையும் திறந்து பார்த்த குவியே, அவற்றின் உடலில் தனிக் குழாய்களுக்குள் சிவப்பு ரத்தம் ஓடுவதைக் கண்டார்.

இது அன்று எவ்வளவு பெரிய செய்தி என்பதை இன்று உணர்வது கடினம். சிவப்பு ரத்தம் முதுகெலும்புள்ள உயிர்களின் சொத்து என்றே விலங்கியல் நம்பியிருந்தது. பூச்சி, நத்தை, புழு எல்லாம் வெள்ளை ரத்தக்காரர்கள். அந்தக் கூட்டத்தில் சில புழுக்கள் மட்டும் நம்மைப் போலச் சிவப்பாக ரத்தம் சிந்துகின்றன என்றால் அவற்றை மற்றவற்றோடு கலந்து வைத்திருக்க முடியாது. குவியே அவற்றைச் சிவப்பு ரத்தப் புழுக்கள் என்று பிரித்து நிறுத்தினார். 1802இல் லமார்க் அவற்றுக்கு ‘அனெலிட்’ என்று பெயர் சூட்டினார். பள்ளிப் புத்தகங்களில் நாம் வளைதசைப் புழுக்கள் என்று படிக்கும் அன்னெலிடா பிறந்தது அப்போதுதான்.

பிறப்புக்குக் காரணமான அடையாளம் நெடுநாள் நிலைக்கவில்லை. மண்புழுவின் ரத்தம் சிவந்திருப்பதற்கும் நம் ரத்தம் சிவந்திருப்பதற்கும் காரணம் ஒன்றேதான், ஹீமோகுளோபின். ஆனால் நம் உடலில் அது அணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது. மண்புழுவில் பெரும் மூலக்கூறுகளாக நேரடியாக ரத்த நீரிலேயே கரைந்திருக்கிறது. நுரையீரல் இல்லாத மண்புழு ஈரத்தோல் வழியே மூச்சு விடுகிறது. தோலுக்கு அடியில் பரவிய நுண்குழாய்களில் இந்தச் சிவப்பு நீர் ஓடிக் காற்றை உள்ளே கொண்டுபோகிறது. தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். லமார்க் பெயர் வைத்துச் சில பத்தாண்டுகள் போவதற்குள், விசிறிபோல் உணர்கொம்புகளை விரிக்கும் சபெல்லா போன்ற கடற்புழுக்களில் ரத்தம் பச்சையாக இருப்பது தெரியவந்தது. நிறமற்ற ரத்தம் உள்ளவையும் இருந்தன. சிவப்பு ரத்தத்தால் பிறந்த தொகுதியில் பச்சை ரத்தக்காரர்கள்! தொகுதி கலையவில்லை. அதைத் தாங்கிப் பிடிக்க அதற்குள் இன்னொன்று கிடைத்திருந்தது: வளையம்.

வெறும் தோல் சுருக்கம் என்று அந்த வளையத்தை நினைத்துவிடக் கூடாது. வெளியே ஒரு வரியாகத் தெரிவது உள்ளே ஒரு குறுக்குச் சுவர். அடுத்தடுத்த இரண்டு சுவர்களுக்கு நடுவே நீர் நிரம்பிய அறை. ஒவ்வோர் அறைக்கும் தன் பங்கு நரம்பு முடிச்சும் ரத்தக் குழாயும் தசையும் உண்டு. பெரும்பாலான அறைகளில் கழிவு நீக்கும் நெஃப்ரிடியங்களும் உண்டு. சுற்றுத்தசை இறுகினால் அந்த இடத்தில் உடல் மெலிந்து நீள்கிறது. நெடுந்தசை இறுகினால் பருத்துக் குறுகுகிறது. பருத்த இடத்தில் சீட்டா எனும் நுண்மயிர்கள் வெளியே நீண்டு மண்ணைப் பற்றிக்கொள்கின்றன. மெலிதலும் பருத்தலும் மாறி மாறி உடல் நெடுக அலையாக ஓட, எலும்பில்லாத ஓர் உயிர் இறுகிய மண்ணைப் பிளந்து முன்னேறுகிறது. அறைகள் தனித்தனியாக இல்லாவிட்டால் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் உடல் முழுக்கப் பரவி வீணாகும். விலங்குலகத்தில் இதைவிட அழகான கட்டுமானத்தை நான் அறியேன்.

வளையம் பிடித்த பிடியில் குவியே இன்னொரு முடிவுக்கும் போனார். பூச்சிகளுக்கும் நண்டுகளுக்கும் உடல் கண்டம் கண்டமாகத்தானே இருக்கிறது? ஆகவே வளைதசைப் புழுக்களையும் கணுக்காலிகளையும் ஒரே பெருங்கிளையில் வைத்தார். அந்த உறவு 180 ஆண்டுகள் நீடித்தது. இரண்டுக்கும் இடையிலான பாலம் என்று பெரிபேட்டஸ் என்ற உயிரைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்த தலைமுறைகள் நம் ஊரிலும் உண்டு.

குவியேயின் காலத்திலேயே பாரிஸில் இன்னொருவர் மண்புழுவை வேறு விதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சவினி இளைஞராக நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு போன இயற்கையாளர். லின்னேயஸுக்குத் தரையில் இருந்தது ஒரே மண்புழு, லும்ப்ரிகஸ் டெரெஸ்ட்ரிஸ். பாரிஸ் சுற்றுவட்டாரத்து மண்புழுக்களைப் பொறுமையாக ஆராய்ந்த சவினி, அந்த ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பதைக் கண்டார். அவருடைய முடிவுகள் 1826இல் வெளியாயின. கண்நோய் முற்றியதால் அவர் பின்னாட்களில் வெளிச்சத்தையே தாங்க முடியாமல் இருட்டறையில் வாழ நேர்ந்தது. இன்று நம் மண்புழு உரத் தொட்டிகளில் நெளியும் ஐசீனியா ஃபெட்டிடா அவர் விவரித்த இனம்தான்.

சவினி பெயரிட்டவற்றில் ஒன்றுக்கு நியாயம் கிடைக்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரிஸ் பகுதியின் பெரிய மண்புழு ஒன்றுக்கு ஹெர்குலியம் என்று அவர் பெயரிட்டிருந்தார். பின்வந்தவர்கள் அது லின்னேயஸின் டெரெஸ்ட்ரிஸ்தான் என்று சொல்லி அந்தப் பெயரை ஒதுக்கிவிட்டார்கள். சாமுவேல் ஜேம்ஸும் கிறிஸ்டர் எர்ஸியஸும் இடம்பெற்ற ஆய்வுக் குழு, ஸ்வீடனிலும் பிரான்ஸிலும் கிடைத்த புதிய புழுக்களோடு சவினி விட்டுச்சென்ற பழைய மாதிரியிலிருந்தும் மரபணுத் துண்டைப் பிரித்தெடுத்து ஒப்பிட்டது. லின்னேயஸின் நாட்டுப் புழு ஓரினம், சவினியின் புழு வேறோர் இனம். வேறு எந்த இரண்டு லும்ப்ரிகஸ் இனங்களுக்கு இடையிலும் உள்ள அளவு தூரம் இவற்றுக்கு இடையிலும் இருந்தது. உடலைப் பார்த்துப் பிரிக்கவோ வழியில்லை. அளவில் சற்று வேறுபாடு உண்டு, அதுவும் ஒன்றோடொன்று கலந்து வருகிறது. உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்ட மண்புழு அது. அதன் பெயரில் ஐரோப்பாவில் நடந்த பழைய ஆய்வுகள் எந்தப் புழுவின் மேல் நடந்தவை என்ற கேள்வி அதோடு எழுந்துவிட்டது. கண்ணை இழந்த மனிதர் கண்ணால் பார்த்துச் சொன்னதை 184 ஆண்டுகள் கழித்து மரபணு உறுதி செய்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

தொகுதிக்குள் சுவர் எழுப்பியவர் விலங்கியலாளர் குரூபே. 1850இல் அவர் மயிர்களை எண்ணினார். துடுப்புக்கால் நிறையக் கொத்துக்கொத்தாக மயிர் வைத்திருக்கும் கடற்புழுக்கள் பாலிகீட்டா; சில மயிர்கள் மட்டும் உள்ள மண்புழுவும் அதன் நன்னீர் உறவுகளும் ஆலிகோகீட்டா; மயிரே இல்லாமல் உறிஞ்சான் வைத்திருக்கும் அட்டைகள் மூன்றாவது. இந்த முப்பிரிவு எளிது, மனத்தில் நிற்பது, கற்பிக்கத் தோதானது. பல பாடநூல்கள் இன்றும் இதையே சொல்கின்றன. ஆனால் மண்புழுக்களுக்குள்ளேயே மயிர்க் கணக்கு ஒன்றாக இல்லை. லும்ப்ரிகஸுக்குக் கண்டத்துக்கு எட்டு மயிர்கள். தமிழ்நாட்டு வயல்களில் வாழும் லாம்பிட்டோ மாரிட்டியிலோ ஒவ்வொரு கண்டத்தையும் சுற்றி ஒரு வளையமாக மயிர்கள் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு விலங்கியல் படித்தவர்களுக்கு இந்த லாம்பிட்டோ பழக்கமானது. அதற்குப் பெயர் வைத்தவர் இங்கே கால் வைத்துத் தேடியவர் அல்லர். ஷின்பெரி என்ற ஸ்வீடன் மருத்துவர், 1851 முதல் 1853 வரை ‘யூஜினி’ என்ற போர்க்கப்பலில் உலகைச் சுற்றிய இயற்கையாளர். பயணத்தில் சேர்ந்த புழுக்களை விவரித்து அவர் எழுதியது 1867இல் அச்சானது. மொரீஷியஸின் பெயர் தாங்கிய லாம்பிட்டோ அதில் ஒன்று. இன்னொன்று கப்பலின் பெயரைத் தாங்கிய யூட்ரிலஸ் யூஜீனியே, மண்புழு உரம் தயாரிக்கும் நம் விவசாயிகள் வாங்கி வளர்க்கும் ஆப்பிரிக்க இனம். வகுப்பறைப் புழுவுக்கும் உரக்குழிப் புழுவுக்கும் ஒரே மனிதர் ஒரே நூலில் பெயர் வைத்திருக்கிறார். செடியோடும் தொட்டி மண்ணோடும் மனிதர்கள் கடல் கடத்திய புழுக்கள் இவை. தாமாக மண்புழுக்கள் பொதுவாகக் கடலைத் தாண்டுவதில்லை, உப்புநீரில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

இந்த ஒரு குறை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் இருந்த மிகயெல்சனைப் பெரிய இடத்துக்குக் கொண்டுபோயிற்று. 1900இல் அன்று தெரிந்த ஆலிகோகீட்டா அனைத்தையும் ஒரே நூலில் தொகுத்தவர் அவர். நெருங்கிய உறவுள்ள மண்புழுக்கள் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எப்படி இருக்க முடியும்? கடல் தாண்ட முடியாத புழு இத்தனை கரைகளில் இருக்கிறது என்றால் கரைகள்தாம் நகர்ந்திருக்க வேண்டும். கண்டங்கள் நகர்ந்தன என்று வேகனர் சொன்னதைப் பெரும்பாலான புவியியலாளர்கள் ஏற்காமல் இருந்த காலத்தில், 1922இல், மிகயெல்சன் மண்புழுவைச் சாட்சியாகக் கொண்டு அவர் பக்கம் நின்றார். புழுக்களை ஒழுங்காக அடுக்கி வைத்ததால் கிடைத்த பலன் இது.

ஆனால் எப்படி அடுக்குவது என்பதில்தான் சண்டை. லும்ப்ரிகஸில் ஆண் துளைகள் 15ஆம் கண்டத்தில், கிளைடெல்லம் எனும் தடித்த பட்டைக்கு வெகு முன்னால் இருக்கின்றன. கிளைடெல்லம் 32இல்தான் தொடங்குகிறது. லாம்பிட்டோவில் கிளைடெல்லம் 14 முதல் 17 வரை, ஆண் துளைகள் அதற்குப் பின்னால் 18இல். இவ்வளவு தெளிவான வேறுபாடுகள் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. லாகூரில் பேராசிரியராக இருந்த ஜான் ஸ்டீபன்சன், இந்தியப் பகுதிகளின் மண்புழுக்களைத் தொகுத்து 1923இல் பெருநூல் வெளியிட்டார். மிகயெல்சனும் அவரும் வளர்த்த முறை இனப்பெருக்க உறுப்புகளுக்கு மிகுந்த எடை கொடுத்தது. ரங்கூனில் பணியாற்றிய கேட்ஸ் அதை ஏற்கவில்லை. அவ்வுறுப்புகள் எளிதில் மாறிவிடும், உணவுக்குழலும் ரத்தக் குழாய்களும் கழிவு உறுப்புகளும் சொல்வதைக் கேளுங்கள் என்பது அவர் வாதம். என் மனம் கேட்ஸ் பக்கம் சாய்கிறது. விலங்கியலாளர் கரம் நாராயண் பாஹ்ல் 1919இல் கண்டதே அதற்குக் காரணம். பீரெட்டிமா என்ற இந்திய மண்புழுவில் பல நெஃப்ரிடியங்கள் கழிவை வெளியே விடாமல் குடலுக்குள் திறக்கின்றன. அதனால் அதிலுள்ள நீரைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ள முடிகிறது. கோடையைத் தாங்க வேண்டிய உடலுக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. புழுவின் பிழைப்பே எழுதப்பட்டிருக்கும் உறுப்பு அது. பாஹ்ல் எழுதிய பீரெட்டிமா நூல் வட இந்திய விலங்கியல் மாணவர்களுக்கு வேதம்போல இருந்தது. 1972இல் சிம்ஸும் ஈஸ்டனும் அந்தப் பேரினத்தையே பல துண்டுகளாகப் பிரிக்க, அந்தப் புழுவும் மெட்டாஃபைர் ஆகிவிட்டது.

இவை எல்லாம் உள்வீட்டுச் சண்டைகள். சுவரையே இடித்தது அட்டை.

அட்டைக்கும் மண்புழுவுக்கும் பொதுவான ஒன்றைக் குரூபேயின் மயிர்க் கணக்கு மறைத்துவிட்டது. இரண்டிலும் ஓர் உடலுக்குள்ளேயே ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருக்கின்றன. இரண்டுக்கும் கிளைடெல்லம் உண்டு. அந்தத் தடித்த பட்டை சுரந்து கட்டும் கூட்டுக்குள் முட்டையிடுகின்றன. கடற்புழுக்களைப் போல நீந்தும் இளம்புழுப் பருவம் இல்லாமல், கூட்டிலிருந்து சிறு புழுவாகவே வெளியே வருகின்றன. இடைவழியில் நிற்கும் உயிர்களும் கிடைத்தன. வடதுருவத்தை ஒட்டிய நீர்நிலைகளில் மீன்களைப் பற்றி வாழும் அகாந்தோப்டெல்லாவுக்கு அட்டையைப் போலப் பின் உறிஞ்சான் இருக்கிறது. முன்பகுதியின் சில கண்டங்களில் மண்புழுவைப் போல மயிர்களும் இருக்கின்றன. ரஷ்ய விலங்கியலாளர் லிவானோவ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதன் பொருளை உணர்ந்திருந்தார். 1919இல் மிகயெல்சன் மண்புழுவையும் அட்டையையும் சேர்த்துக் கிளைடெல்லேட்டா என்ற பெயரைக் கொடுத்தார். 2001இல் மார்க் சிடால் முதலானோர் மரபணுக்களை ஒப்பிட்டு லிவானோவ் சொன்னது சரி என்றார்கள். லும்ப்ரிகுலிட் எனப்படும் நன்னீர்ப் புழுக்கள்தாம் அட்டைக்கு மிக நெருங்கிய உறவு. அந்தப் புழுக்கள் எல்லோர் கணக்கிலும் ஆலிகோகீட்டா.

இதன் விளைவு கடுமையானது. ஒரு முன்னோரின் வழிவந்த எல்லோரையும் சேர்த்தால்தான் அது உண்மையான குழு என்பது இன்றைய வகைப்பாட்டின் சட்டம். வெளியூர் போய்த் தொழிலை மாற்றிக்கொண்டான் என்பதற்காக மகனை வம்சத்திலிருந்து நீக்க முடியாது. அட்டை மயிரை இழந்தது, உறிஞ்சான் பெற்றது, கண்டங்களின் எண்ணிக்கையை 33 அல்லது 34 என்று நிலையாக்கிக்கொண்டது, பலவற்றில் ரத்தம் குடிக்கக் கற்றது. ஆனாலும் அது பிறந்த இடம் ஆலிகோகீட்டாவின் நடுவே. ஆகவே அட்டையை ஒதுக்கிய ஆலிகோகீட்டா என்ற வகுப்பு நிற்காது.

மேலே இருந்த தளங்களும் ஆடின. 1997இல் வெளியான மரபணு ஆய்வு கணுக்காலிகளைத் தோலுரிக்கும் உருளைப்புழுக்களோடு சேர்த்தது. குவியே கட்டிய புழு-பூச்சி உறவு முறிந்தது, பெரிபேட்டஸ் பாலமும் அதோடு போயிற்று. மண்புழுவின் நெருங்கிய சொந்தம் நத்தையும் சிப்பியும் இருக்கும் பக்கம் என்று தெரிந்தது. அதே ஆண்டில் மெக்ஹியூ என்ற ஆய்வாளர், எக்கியூரா, போகோனோஃபோரா என்ற இரண்டு தனித் தொகுதிகளும் வளைதசைப் புழுக்களிலிருந்து கிளைத்தவை என்று காட்டினார். பின்னர் சிபன்குலா என்ற தொகுதியும் உள்ளே வந்தது. எக்கியூராவிலும் சிபன்குலாவிலும் வளர்ந்த உடலில் கண்டங்களே கிடையாது! ஆனால் இளம்பருவத்தில் நரம்பு மண்டலம் கண்டம் கண்டமாக உருவாகிப் பிறகு அந்தத் தடயம் மறைவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். போகோனோஃபோராவின் கதை இன்னும் விசித்திரம். ஆழ்கடலிலிருந்து இவற்றை எடுக்கும்போது பின்முனை ஒடிந்து சேற்றிலேயே தங்கிவிடும். வாலில்லாத உடலை வைத்துக்கொண்டு இவை முதுகெலும்பிகளுக்கு நெருக்கமா என்று அறிஞர்கள் வாதிட்டார்கள். 1964இல் முழு உடல் கிடைத்தது. அந்த வாலில் கண்டங்களும் மயிர்களும் வரிசையாக இருந்தன.

பிறகு பாலிகீட்டாவும் வகுப்பாக நிற்கவில்லை. மண்புழுவும் அட்டையும் சேர்ந்த கிளைடெல்லேட்டாவே கடலின் முள்மயிர்ப் புழுக்களுக்குள் ஒரு கிளை என்று மரபணுத் தொகுப்பாய்வுகள் காட்டின. லமார்க் கூட்டிய தொகுதி அப்படியே இருக்கிறது, முன்பைவிடப் பெருத்தும் இருக்கிறது. அதைப் பிறப்பித்த சிவப்பு ரத்தமும், தாங்கிய வளையமும், பிரித்த மயிர்க் கணக்கும் எல்லா உறுப்பினர்க்கும் பொதுவான அடையாளமாக நிற்கவில்லை. எஞ்சியது வம்சம் ஒன்றுதான்.

பள்ளியில் இந்த வம்சத்தைத்தான் கற்பிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மூன்று வகுப்புகளின் பெயரும் எடுத்துக்காட்டும் எழுதி மதிப்பெண் வாங்கும் மாணவிக்கு, அந்த மூன்றும் ஏன் உடைந்தன என்பதைச் சொல்ல இரண்டு பாடவேளைகள் போதும். ஒரு தட்டில் லாம்பிட்டோவையும் மறு தட்டில் கால்நடை அட்டையையும் வைத்து, மயிரை எண்ணச் சொல்வதற்கு முன் கிளைடெல்லத்தைத் தேடச் சொல்லலாம். வளர்ந்த மண்புழுவில் அது கையில் எடுத்ததும் தெரியும். அட்டையில் இனப்பெருக்க காலத்தில் மட்டும், 9 முதல் 11 வரையான கண்டங்களில், புலப்படும்.